எங்கட கடைக்கு டிஃபெண்டர் ஃபார் பிசினஸ்

புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில எங்கட புடவைக்கடை. ஆறு கொம்பியூட்டர். முந்தி வெறும் வைரஸ் கார்ட்தான். ஒருநாள் கோப்பெல்லாம் பூட்டுப்பட்டு, மூன்று மாதக் கடன் கணக்கைக் கொப்பி பார்த்துத் திரும்ப அடிச்சம். அந்தக் களை இன்னும் மறக்கேல்லை.

பிறகுதான் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் எண்ட பாதுகாப்பு மென்பொருளைப் போட்டம். 300 பேர் வரையான நிறுவனங்களுக்கு. கொம்பியூட்டரில ஓடுற ஒவ்வொரு புரோகிராமும் என்ன செய்யுது எண்டும் கவனிக்கும். போன மாதம் கணக்குப் பார்க்கிற தங்கச்சி 'இன்வொயிஸ்' எண்டு வந்த வேர்ட் கோப்பைத் திறக்க, அது பின்னால பவர்ஷெல்லை, அதாவது விண்டோஸுக்குக் கட்டளை குடுக்கிற புரோகிராமைக் கிளப்பப் பார்த்தது. டிஃபெண்டர் உடனே தடுத்து, எனக்கு எச்சரிக்கை அனுப்பினது. அந்த ஒரு மெஷினை மட்டும் நெட்வொர்க்கில இருந்து பிரிச்சன். பில் கவுண்டர் நிக்கவேயில்லை!

பேக்கப் இதில வராது. நாங்கள் சனிக்கிழமைதோறும் ஹார்ட் டிஸ்கில எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோறம்.