பைபாஸுக்கு ரத்தம் தேடுகிறீர்களா? பணம் வாங்கிக்கொண்டு 'டோனர்' தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்

என் கணவருக்குப் போன மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் நடந்தது. இப்போது வீட்டில் இருக்கிறார், வாசல் வரை நடக்கிறார். ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று நாளில் நான் ஏமாந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த நேரத்திலும் எங்கோ ஒரு வார்டு வாசலில் யாராவது போனும் கையுமாக ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

ஆஞ்சியோ பரிசோதனையில் இதயத்தின் மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு என்று தெரிந்தது. வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். திங்கள் காலை ஒரு சீட்டைக் கொடுத்து, "நாலு டோனர் ஏற்பாடு பண்ணிடுங்கம்மா" என்றார்கள். சீட்டில் அவருடைய குரூப் 'ஏ நெகட்டிவ்' என்று எழுதியிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்கள் சொந்தத்தில் யாருக்குமே நெகட்டிவ் கிடையாது.

மதியம் வரை போன் போட்டு ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்தார். கையில் ஃபைல். "அக்கா, யாருக்கு ஆபரேஷன்?" என்று அவ்வளவு பரிவாகக் கேட்டார். தன் அம்மாவுக்கும் இங்கேதான் வால்வு மாற்றினார்கள் என்றார். "நான் காசு வாங்க மாட்டேன்க்கா. வர்ற பசங்களுக்குப் பஸ் காசு, ஒரு நாள் கூலி மட்டும் குடுத்துடுங்க." ஆளுக்கு 4,500, நாலு பேருக்கு 18,000 ரூபாய். 10,000 ரூபாயை அப்போதே ஜிபே செய்தேன். பணம் வேறொரு பெண்ணின் பெயருக்குப் போனது. அதைக் கூட அப்போது யோசிக்கவில்லை.

"ரத்த வங்கியில கேட்டா சித்தி பையன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

செவ்வாய் முழுக்க ஒருவரும் வரவில்லை. புதன் காலை ஒரு பையன் மட்டும் வந்தான். இருபது வயதுகூட இருக்காது. அவன் முழங்கை மடிப்பில் இருந்த ஊசித் தழும்பைப் பார்த்ததும் ரத்த வங்கியில் இருந்த டெக்னீஷியன் துருவித் துருவிக் கேட்டார். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வேறொரு இடத்தில் கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டான். ஆண்கள் ஒரு முறை கொடுத்தால் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "எவ்வளவும்மா குடுத்தீங்க?"

அங்கேயே அழுதுவிட்டேன். அவர் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். என் கணவருக்கு வேண்டிய ஏ நெகட்டிவ் யூனிட்களை ஏற்கெனவே குளிர்பெட்டியில் அவர் பெயருக்கு எடுத்து வைத்துவிட்டார்கள். எங்களிடம் கேட்டது அதற்கு ஈடாக வங்கியில் வைக்க. அது எந்த குரூப்பாக இருந்தாலும் சரி! 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்கிற எந்த உறவினரும் நண்பரும் கொடுக்கலாம். சீட்டு கொடுத்தவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அந்த ஆளிடம் நான் போயே இருக்க மாட்டேன். மருத்துவமனை மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான். எல்லா இடத்திலும் நடைமுறை ஒன்றாக இருக்காது, அதனால் சீட்டைக் கையில் வாங்கியதும் நேராக ரத்த வங்கிக்குப் போய், "இதே குரூப்தான் வேணுமா, எது கொடுத்தாலும் சரியா?" என்று கேட்டுவிடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பேரில் வந்த தடை. காரணம் இருக்கிறது. காசுக்காகக் கொடுப்பவர் தன் நோயை மறைப்பார். தொற்று வந்த புதிதில் பரிசோதனையிலும் அது தப்பிவிடலாம். நெஞ்சைத் திறந்து படுத்திருக்கிற மனிதருக்குள் அந்த ரத்தம் போவதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ரத்த வங்கி வாங்குவதும் ரத்தத்துக்கான விலை இல்லை, பரிசோதித்துப் பதப்படுத்தும் கட்டணம். தனியார் வங்கியில் ஒரு யூனிட் சிவப்பணுவுக்கு 1,550 ரூபாய் என்று வரம்பு இருக்கிறது, கூடுதல் பரிசோதனை செய்தால் அதற்குத் தனி. ரசீது இல்லாமல் யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள்.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "ஆபரேஷன் நின்னா என்னைக் கேக்காதீங்க" என்றவர், அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அன்றிரவே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பணம் இன்னும் வரவில்லை. பணம் அனுப்பிய கையோடு சந்தேகம் வந்தால் உடனே அழையுங்கள், தாமதித்தால் அதை எடுத்துவிடுவார்கள்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. என் கணவருக்கு மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள கருவியைக் கொடுத்திருந்தார்கள். அதில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், அப்போதுதான் ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டாது. நான் ரத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்த இரண்டு நாளும் அவர் தனியாக உட்கார்ந்து அதை ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். பந்து ஏறவே இல்லையாம், நெஞ்சில் பலமே இல்லை போலிருக்கிறது என்று பயந்துகொண்டு என்னிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்திருப்பேன்.

புதன் மதியம் நான்தான் முதலில் கை நீட்டினேன். ஹீமோகுளோபின் 10.8, முடியாது என்றார்கள். சாயங்காலம் என் தம்பியும், என் கணவர் வேலை பார்க்கிற இடத்திலிருந்து மூன்று பேரும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். நாலு பேருமே பாசிட்டிவ் குரூப்தான். எட்டு மணிக்கு நாலு பைகளும் நிறைந்துவிட்டன. அதன் பிறகு மேலே வார்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தை எப்படி இழுப்பது என்று காட்டினேன்.