ஸ்லைசர் இலவசம்தான், ஸ்கேன் எப்படி?

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுனில் மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று தெரிந்தால், ஸ்கேன் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டியதுதான். மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுச் செய்யும் அந்த அறுவைக்கு, இங்கிருந்தே லேப்டாப்பில் வழி பார்த்துவைக்க, ஸ்கேனை முப்பரிமாண மாடலாக்கும் 3டி ஸ்லைசர் உதவுமா? படித்துப் பார்க்கவும் கலந்து பேசவும் தாராளமாக உதவும். அறுவை மேசையில் இடம் காட்ட வேண்டாம். மருத்துவப் பயன்பாட்டுக்கான அனுமதி அதற்கு இல்லை.

1998-ல் பாஸ்டனில் தொடங்கிய திறமூல மென்பொருள். ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. 8 ஜிபி ராம் திணறும், 16 இருந்தால் நல்லது.

முதலில் டிஸ்க்கில் டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் அசல் தரவு) இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் ஜேபெக் படங்கள் உதவாது. (டிஸ்க்கும் சிடி (CD), ஸ்கேனும் சிடி (CT), கவுண்டரில் தெளிவாகக் கேளுங்கள்.) ஸ்கேன் துண்டின், அதாவது ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின், கனம் 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கும் குழியான செல்லாவின் தரை ஏறக்குறையக் கிடைமட்டம், 5 மி.மீ. துண்டில் அது காணாமலே போய்விடும்.

சிக்கல் எலும்பைப் பிரிக்கும்போதுதான். எலும்பு என்று எடுக்கும் குறைந்தபட்ச அடர்த்தியான த்ரெஷோல்டை 300 ஹவுன்ஸ்ஃபீல்டில் (சிடி ஸ்கேனின் அடர்த்தி அலகு) வைத்தால் செல்லாவின் தரையிலும் கண்குழிச் சுவரிலும் ஓட்டைகள் தெரியும். பெரும்பாலும் அவை நிஜ ஓட்டைகள் அல்ல. மெல்லிய எலும்பும் பக்கத்துக் காற்றும் ஒரே புள்ளியில் கலந்து சராசரியாவதால் வருபவை. சரி என்று எண்ணைக் குறைத்தால், ஓட்டை மூடும். கூடவே கான்ட்ராஸ்ட் மருந்து ஏறிய, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியும் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். தமனியைத் துண்டு துண்டாகக் கையால்தான் வரைய வேண்டும், குறுக்குவழி கிடையாது. சலிப்பான வேலைதான், ஆனால் மாடலின் உயிரே அங்கேதான். மூக்குக்குப் பின்னால், செல்லாவுக்குக் கீழே இருக்கும் காற்றறையான ஸ்ஃபீனாய்டின் தடுப்புச் சுவர் பல பேருக்கு நடுவில் முடியாமல் கரோடிட் மேலேயே போய் முடிகிறது. அதைத் தெரியாமல் முறுக்கி உடைத்தால் தமனி கிழியும்.

கட்டிக்கு எம்ஆர்ஐ வேண்டும். சிடி (CT), எம்ஆர்ஐ இரண்டையும் பொருத்தியபின், மண்டையோட்டு அடியிலிருக்கும் கிளைவஸ் எலும்பில் சரிபாருங்கள். தாடையை நம்பாதீர்கள், ஸ்கேனுக்கு ஸ்கேன் அசையும்.

கட்டியை எடுக்க எடுக்க மேலிருக்கும் சவ்வு கீழே இறங்கும். மாடல் இறங்காது. ஸ்லைசருக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கலாம்.