பெரித்தோ மொரேனோ பார்க்கப் போகிறீர்களா? ரசீதில் 'பசரேலாஸ்' என்று இருக்கிறதா பாருங்கள்

அர்ஜென்டினாவின் தென்கோடியில், படகோனியாப் பகுதியில், பெரித்தோ மொரேனோ பனியாற்றைப் பார்க்க வருகிறவர்கள் தங்குகிற ஊர் எல் கலஃபாத்தே. நானும் கணவரும் முதுகுப்பையோடு பேருந்து மாறி மாறி அங்கே போய்ச் சேர்ந்தபோது மாலை எட்டு மணி. ஜனவரி என்பதால் வெயில் இன்னும் இறங்கவில்லை. கையில் இருந்தது மறுநாள் ஒரு பகல்தான். அதற்கடுத்த காலை எல் சால்தேன் என்ற அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு எடுத்தாயிற்று. அந்த அவசரம்தான் எங்களைக் கவிழ்த்தது.

கடைத்தெருவில் ஒரு பயண ஏஜென்சி திறந்திருந்தது. பெயர் வேண்டாம். உள்ளே இருந்தவர் பாதி ஆங்கிலத்தில் "முழு நாள், படகு, பனியாற்றில் நடை" என்று சொல்லிச் சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். காலணியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு பத்துப் பேர் நீலப் பனிமேல் வரிசையாகப் போகிற படம். விலையும் நாங்கள் விசாரித்த மற்ற இடங்களில் பாதிதான். "இவ்வளவு மலிவா இருக்கே, யோசிச்சுக்கோ" என்றார் கணவர். நான்தான் யோசிக்கவில்லை. டாலரில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஸ்பானிஷ் ரசீதைப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வரவேண்டிய வண்டி ஒன்பதே காலுக்கு வந்தது. பனியாறு ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். வழியில் தேசியப் பூங்கா வாசலில் நுழைவுக் கட்டணம் தனி என்றார்கள். அது அரசுக் கட்டணம், அதில் குறை இல்லை. ஆனால் முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

உள்ளே கொஞ்ச தூரம் போனதும் பாஹோ தே லாஸ் சோம்ப்ராஸ் என்ற படகுத்துறை வந்தது. கனத்த பூட்ஸ் போட்ட கூட்டம் ஒன்று வேறு பேருந்திலிருந்து இறங்கிப் படகுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பையைத் தோளில் மாட்டி எழுந்து நின்றேன். எங்கள் வண்டி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. "படகு பின்னாடி போயிடுச்சு, பாத்தியா?" என்றார் கணவர். அப்போதுதான் ரசீதை எடுத்து, கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தோம். 'பசரேலாஸ்' என்றால் நடைபாலங்கள். படகு 'விருப்பம் இருந்தால்', அதுவும் தனிக் காசு. எங்களுக்கு விற்ற 'நடை', பனியாற்றுக்கு எதிரே மாகஜாநெஸ் தீபகற்பத்துச் சரிவில் போட்டிருக்கும் நடைபாலங்களில் நடப்பது. பூங்காவுக்குள் வந்த எல்லோரும் சும்மாவே நடக்கலாம்!

சரி, போனது போகட்டும், பனியாற்றையாவது கண்குளிரப் பார்ப்போம் என்று இறங்கினால், "70 நிமிடத்தில் வண்டிக்கு வந்துவிடுங்கள்" என்றார் வழிகாட்டி. எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது இங்கேதான். சுமார் ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு, நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பனிச்சுவர் அது. பார்த்ததும் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புகிற இடமில்லை. பனி முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பதால் முகப்பு அவ்வப்போது உடைந்து ஏரியில் விழும். எப்போது, எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. சத்தம் நம் காதுக்கு வருவதற்குள் பாதி விழுந்து முடிந்திருக்கும். ஆகவே ஒரு இடத்தில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். நாங்களோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படியேறிப் படியிறங்கினோம். வண்டிக்குத் திரும்பும் வழியில் முதுகுக்குப் பின்னால் இடி இடித்தது. திரும்பிப் பார்த்தால் அலை மட்டும் பரவிக்கொண்டிருந்தது.

அத்தனை அவசரம் எதற்கு? திரும்பும் வழியில் ஒரு பண்ணை வீட்டு உணவகம், ஒட்டினாற்போல் கம்பளிக் கடை. அங்கே மட்டும் இரண்டரை மணி நேரம். வழிகாட்டிக்குத் தனி மேஜையில் ஆட்டுக்கறி வந்தது. நாங்கள் வெளியே காற்றில் நின்று பிஸ்கட் தின்றோம். படகோனியாக் காற்றில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிடித்து நிற்பதே ஒரு வேலை.

சாயங்காலம் ஏஜென்சிக்குப் போனால், விற்றவர் இல்லை. இருந்த பெண் ரசீதில் 'பசரேலாஸ்' என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். சுவரில் இருந்த படத்தை நான் காட்டினேன். அது அலங்காரத்துக்காம். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, பணத்துக்குப் பதில், கலஃபாத்தே என்ற உள்ளூர்ப் பழத்தின் ஜாம் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்.

போகிறவர்கள் ஏஜென்சி பக்கமே போகவேண்டியதில்லை. ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்தே காலையில் பேருந்துகள் கிளம்பிப் பிற்பகலில் திரும்புகின்றன. நடுவில் உள்ள நேரம் முழுக்க உங்களுடையது. பனிமேல் நடக்க ஆசை என்றால் ரசீதில் 'மினிட்ரெக்கிங்' என்ற சொல் இருக்கவேண்டும். அதற்கு வயது வரம்பும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் சேர்த்தா, நடைபாலத்தில் எத்தனை மணி நேரம் என்ற இரண்டையும் எழுதி வாங்காமல் காசை நீட்டாதீர்கள்.

கலஃபாத்தே பழம் தின்றவர் படகோனியாவுக்குத் திரும்பி வருவார் என்பது அந்த ஊர்ப் பேச்சு. ஜாமை எல் சால்தேனில் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.