மாதிரி ஐ.நா. சபையா, வகுப்பு மன்றமா? குழந்தை உரிமைகளைக் கற்பிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

13 முதல் 17 வயது மாணவர்களிடம் குழந்தை உரிமைகளையும் உலகக் குடியுரிமையையும் கொண்டுசேர்க்கப் பள்ளிகள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. நவம்பரில் ஒரு சிறப்பு வாரம், எல்லாப் பாடங்களிலும் கலந்து நடத்துவது, மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடிக்கும் மாதிரி ஐ.நா. சபை, வகுப்பே கூடிப் பள்ளி நடைமுறைகளைப் பேசிக் கோரிக்கை வைக்கும் வகுப்பு மன்றம். நாங்கள் மன்றத்தைத் தேர்ந்தவர்கள். எனவே தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். படிப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சிறப்பு வாரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாள் 1989 நவம்பர் 20. அதையொட்டிச் சுவரொட்டி, பேச்சுப்போட்டி, உறுதிமொழி. செலவு குறைவு, எதிர்ப்பும் வராது, ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும். டிசம்பரில் கேட்டால் மாணவர்களுக்கு ஒரு பிரிவுகூட நினைவிருக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: வேறு நாட்டு ஏழைக் குழந்தையின் படம், அதன் கீழே ஓர் உண்டியல் என்று வாரம் முடிந்தால், உரிமை இரக்கமாக மாறிவிட்டது என்று பொருள். உடன்படிக்கையின் பிரிவு 4 உரிமைகளைச் செயல்படுத்தும் பொறுப்பை அரசுகள்மேல் வைக்கிறது, நன்கொடையாளர்கள்மேல் அல்ல.

பாடங்களோடு கலப்பது தாளில் பார்க்க மிக அழகான வழி. உலகக் குடியுரிமைக் கல்வியைக் கேட்கும் ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 4.7-க்கும் பொருந்தும். புவியியலில் தண்ணீர், கணிதத்தில் பள்ளி இடைநிற்றல் வரைபடம், மொழிப்பாடத்தில் கருத்துரிமை. சிக்கல், எல்லோருடைய வேலையும் கடைசியில் யாருடைய வேலையும் இல்லை என்றாகிவிடுவதுதான். கல்வி பற்றிய பிரிவு 28 மூன்று பாடங்களில் வரும். தனியுரிமை பற்றிய பிரிவு 16 ஒன்றில்கூட வராது. இந்த வழியில்தான் போவீர்கள் என்றால் பிரிவு எண், வகுப்பு, பாடம், மாதம், நடத்தியவர் கையெழுத்து என ஒரே பக்க அட்டவணை ஒன்றை ஆசிரியர் அறையில் ஒட்டுங்கள். எங்கே ஓட்டை என்று முதல் பருவத்திலேயே தெரிந்துவிடும்.

மாதிரி ஐ.நா. சபைக்கு மாணவர்களிடம் தனி ஈர்ப்பு உண்டு. நாட்டின் நிலைப்பாட்டை எழுதுவது, நேரக் கட்டுப்பாட்டுக்குள் பேசுவது, தீர்மான வரைவுக்கு ஆள் சேர்ப்பது எல்லாமே உருப்படியான பயிற்சி. ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே நன்றாகப் பேசும் ஏழெட்டுப் பேர்தான் மேடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, தனக்கு ஒதுக்கிய நாட்டுக்காக வாதாடும் மாணவர் உரிமை மீறலுக்கு நாகரிகமாகச் சாக்குச் சொல்லத்தான் கற்கிறார். அது ராஜதந்திரப் பாடம்; உரிமைப் பாடம் வேறு.

இதை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு மாற்று: பொதுச்சபையை நடிக்காமல், குழந்தை உரிமைகள் குழுவை நடியுங்கள். உடன்படிக்கையில் சேர்ந்த நாடு 2 ஆண்டுக்குள் முதல் அறிக்கையும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த அறிக்கைகளும் தர வேண்டும் என்கிறது பிரிவு 44. அவற்றை விசாரிப்பது 18 நிபுணர்கள் கொண்ட குழு. 36 பேர் வகுப்பு என்றால் 18 பேர் குழு, 10 பேர் அரசுத் தரப்பு, 8 பேர் மாற்றறிக்கை (அரசின் அறிக்கைக்கு எதிர்ப்பக்கத் தகவல்) தரும் தன்னார்வ அமைப்புகள். இரண்டு பாடவேளை போதும். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும் என்று விதித்துவிட்டால், வாய் திறக்காதவர் என்று வகுப்பில் அனேகமாக யாரும் இருக்கமாட்டார்.

இனி மன்றம். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளை, கால அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். "நேரம் கிடைத்தால்" என்றால் தேர்வு மாதத்தில் காணாமல் போகும். தொடக்கம் பள்ளியின் உரிமைத் தணிக்கை. உடன்படிக்கையின் 54 பிரிவுகளில் 43 முதலானவை நடைமுறை பற்றியவை, அவற்றை விட்டுவிடலாம். மீதியில் ஆறை எடுங்கள்: 2 (பாகுபாடின்மை), 12 (கருத்து கேட்கப்படுதல்), 16 (தனியுரிமை), 19 (வன்முறையிலிருந்து பாதுகாப்பு), 28 (கல்வி), 31 (ஓய்வும் விளையாட்டும்). குழுவுக்கு ஐந்தாறு பேர், ஆளுக்கொரு பிரிவு அல்ல, குழுவுக்கொரு பிரிவு. அவகாசம் இரண்டு வாரம். விதி ஒன்றே: எண்ண வேண்டும், அல்லது அளக்க வேண்டும். இடைவேளையில் எத்தனை நிமிடம் வரிசையில் நிற்பதிலேயே போகிறது? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் மைதானத்தில் பெண்கள் எத்தனை பேர்? எத்தனை கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை? மதிப்பெண்ணை உரக்க வாசிக்கும் வழக்கம் எத்தனை பாடங்களில்? பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு ஒத்து இருக்க வேண்டும் என்று பிரிவு 28 சொல்லும்போது, வகுப்புக்கு வெளியே நிறுத்துவது அதில் சேருமா?

உலகம் இதற்குப் பிறகுதான் வரவேண்டும். ஒவ்வொரு குழுவும் தன் பிரிவைப் பற்றி, ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு அரசுகளின் அறிக்கையை விசாரித்தபின் தங்கள் நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் எழுதிய முடிவுரைகளை அருகருகே வைத்துப் படிக்கட்டும். ஐ.நா. மனித உரிமை அலுவலகத் தளத்தில் அவை கிடைக்கும். முழுதும் கொடுக்காமல், உரிய பத்திகளை மட்டும் நகலெடுத்துத் தாருங்கள். தாழ்ப்பாளை எண்ணிய மாணவர், தனியுரிமை என்றால் இன்று இணையத் தரவும்தான் என்று அந்த ஐ.நா. குழு 2021-இல் வெளியிட்ட பொதுக் கருத்துரை 25-ஐ (உடன்படிக்கைக்கு அது தரும் விளக்கம்) பார்க்கும்போது, தூரத்து விஷயமாக அது தோன்றாது. வரிசையை மாற்றி உலகிலிருந்து தொடங்கினால், "பாவம் அவர்கள்" என்ற இடத்திலேயே வகுப்பு நின்றுவிடுகிறது.

எங்கள் தேர்வை முடிவு செய்த விஷயம் பராமரிப்பு. மன்றம் தொடங்குவது எளிது. அதை உயிரோடு வைத்திருப்பது பெரியவர்கள் தரும் பதில். குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007-இல் பிரிவு 12-ஐ நான்காகப் பிரித்தார்: இடம், குரல், செவிமடுப்போர், தாக்கம். முதல் இரண்டை எந்த ஆசிரியரும் வகுப்பறையில் கொடுத்துவிடலாம். பின்னிரண்டு தலைமையாசிரியர் கையில். அவை இல்லாவிட்டால், குழந்தைகளின் பங்கேற்பை அளக்க ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-இல் வரைந்த எட்டுப் படி ஏணியில் மன்றம் கீழிருந்து மூன்றாம் படியில், அதாவது ஒப்புக்குக் கேட்பதில், நிற்கும். அவர் கணக்கில் கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல. பதில் வராத மன்றம் மன்றமே இல்லாததைவிடக் கெடுதல். பேசிப் பயனில்லை என்பதைத்தான் அது கற்றுத்தருகிறது.

ஆகவே ஒரு நீள நோட்டு. ஐந்து பத்திகள்: தேதி, கோரிக்கையும் பிரிவு எண்ணும், பதில் தர வேண்டியவர், கெடு, பதில். கெடு 10 பள்ளி நாள். ஏற்கப்படும் பதில்கள் மூன்றே: "ஆம், இந்தத் தேதிக்குள்"; "இல்லை, இந்தக் காரணத்தால்"; "பாதி, இந்தப் பகுதி மட்டும்". "பரிசீலிக்கிறோம்" என்று எழுத இடமில்லை. காரணத்தோடு வரும் 'இல்லை'யை மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மௌனத்தைத்தான் ஏற்பதில்லை.

இங்கே கூட்டல் கணக்கு முக்கியம். 12 வகுப்புகள், கூட்டத்துக்கு இரண்டு கோரிக்கை என்றால் இரண்டு வாரத்தில் 24. எந்தத் தலைமையாசிரியராலும் தாங்காது. வகுப்பாசிரியர் கையில் உள்ளவை அங்கேயே முடியட்டும். வகுப்புக்கு ஒன்றுதான் மேலே போகலாம். ஒன்றுபோல் இருப்பவற்றை வகுப்புப் பிரதிநிதிகள் சேர்த்துவிட்டால் நான்கைந்தாகச் சுருங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். முடியாது என்றால் மன்றம் வேண்டாம், பாடங்களோடு கலப்பதே நேர்மை.

பிரதிநிதிகளைக் குலுக்கலில் தேர்ந்து பருவத்துக்கொருமுறை மாற்றுங்கள். தேர்தல் வைத்தால் மாதிரி ஐ.நா.வின் அதே ஏழெட்டு முகங்கள் வரும். முதல் இரண்டு மாதம் கழிப்பறையும் உணவும்தான் பேச்சாக இருக்கும், திசைதிருப்ப வேண்டாம். ஆசிரியர் பெயரைச் சொல்லக்கூடாது, நடைமுறையைப் பற்றிப் பேசலாம் என்ற விதி முதல் நாளே வேண்டும். "கடமையைச் செய்தால்தான் உரிமை" என்று சக ஆசிரியர் யாராவது சொல்வார்; உடன்படிக்கையில் அப்படியொரு நிபந்தனை இல்லை. அதேபோல், கருத்தைக் கேட்பது என்றால் கேட்டதெல்லாம் கொடுப்பதும் அல்ல; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு என்றுதான் பிரிவு 12 சொல்கிறது.

பிரிவு 19-ஐத் தொடும் குழுவிடம் மட்டும் கூடுதல் கவனம். பேச்சு நடுவே ஒரு மாணவர் தன் வீட்டில் நடப்பதைச் சொல்லிவிடலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. யாரிடம் கொண்டுபோவது என்பதைப் பாடம் தொடங்கும் முன்பே முடிவு செய்து, அவர் பெயரைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

40 பேர் வரையுள்ள வகுப்புகளை மனதில் வைத்தே இவ்வளவும் சொன்னோம். 60-ஐத் தாண்டினால் குழுக்களை இரண்டு பாதியாக்கி மாற்றி மாற்றிக் கூட்டலாம் என்பது எங்கள் ஊகம்தான். பதில் நோட்டின் சுமை அப்போது எப்படி இருக்கும் என்பதை ஒரு பருவம் நடத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆர்வமுள்ள ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது கைமாற வேண்டியதும் அந்த நோட்டுதான். தீராத கோரிக்கைகளைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி, புதியவரின் முதல் கூட்டத்தில் அதையே முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.