கான்ஃபரன்ஸா, அபாத்தேயா? ஐரோப்பியப் பேரித் தோட்டங்களில் ஒரு போட்டி

பேரிக்காய் விளைச்சலில் சீனாவுக்குப் பக்கத்தில்கூட யாரும் வர முடியாது. உலகில் காய்ப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேதான். ஆனால் அவை பெரும்பாலும் கடித்தால் நொறுங்கும் ஆசிய வகைகள்; பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். கனிந்தால் வாயில் கரையும் ஐரோப்பிய வகை வேறு. அதன் வணிகம் ஐரோப்பாவிலும், அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களிலும் நடக்கிறது.

அந்த ஐரோப்பிய வகைக்குள்ளேயே கொஞ்ச காலமாக ஒரு ரகம் ஏறுமுகம், இன்னொன்று இறங்குமுகம். ஏறுவது பெல்ஜியமும் நெதர்லாந்தும் நம்பியிருக்கும் கான்ஃபரன்ஸ். இறங்குவது இத்தாலியின் பெருமையான அபாத்தே ஃபெத்தெல். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தின்னக் கொடுத்தால் பத்துப் பேரில் பெரும்பாலோர் அபாத்தேயைத்தான் கேட்பார்கள் என்பது என் கணிப்பு. அப்படியிருந்தும் கான்ஃபரன்ஸ் ஜெயிக்கிறது. காரணத்தைத் தின்பவரின் நாக்கில் தேடிப் பயனில்லை. தோட்டத்தில் ஒரு கெட்ட ஏப்ரல் மாதம் வரும்போது மரம் என்ன செய்கிறது என்பதில் அது இருக்கிறது.

பிறந்தது ஓரிடம், வாழ்ந்தது வேறிடம்

கான்ஃபரன்ஸ் இங்கிலாந்துக் காய். தாமஸ் ரிவர்ஸ் என்ற நாற்றங்கால்காரரின் பண்ணையில் உருவாகி, 1885இல் நடந்த தேசியப் பேரிக்காய் மாநாட்டில் பாராட்டுப் பெற்றது. பெயரும் அந்த மாநாட்டிலிருந்தே வந்தது. அபாத்தே பிரான்சில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. ஃபெத்தெல் என்ற பாதிரியாரின் பெயரைத் தாங்கியது. இரண்டுமே பிறந்த நாட்டைவிட வெளியில்தான் பெரிதாக வளர்ந்தன. கான்ஃபரன்ஸ் பெல்ஜியத்தின் ஹாஸ்பெங்கௌ, நெதர்லாந்தின் பேத்துவே வட்டாரங்களில் வேரூன்றியது. அபாத்தே, போ ஆற்றுச் சமவெளியில் உள்ள எமிலியா ரொமாஞா மாநிலத்தில், ஃபெராரா, மொதேனா பக்கம் செழித்தது. இத்தாலியப் பேரிக்காயில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு மாநிலத்தில்தான் விளைகிறது. அங்கே முதல் இடம் அபாத்தேக்கு.

இன்று பெல்ஜியத்தில் காய்க்கும் பேரிக்காயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது கான்ஃபரன்ஸ். நெதர்லாந்திலும் நான்கில் மூன்றுக்குக் குறையாது. ஸ்பெயினில்கூடப் பழைய பிளான்கியா ரகத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கான்ஃபரன்ஸ் முன்னே வந்துவிட்டது.

பார்வைக்கும் நாவுக்கும்

அபாத்தே நீளக் கழுத்துக்காரி. மஞ்சள் கலந்த பச்சை, அடிப்பக்கம் லேசான பழுப்பு, கனிந்தால் நல்ல மணம், சாறு, தித்திப்பு. கான்ஃபரன்ஸின் தோல் சொரசொரப்பானது, பச்சையின் மேல் பழுப்புப் படலம் பரவியிருக்கும். இனிப்பு உண்டு, மணம் குறைவு. ஆனால் கெட்டியாக இருக்கும்போதும் தின்ன முடியும் என்பது வியாபாரத்தில் அதற்குக் கிடைத்த பெரிய வரம். நீலகிரி, கொடைக்கானல் நாட்டுப் பேரிக்காயைக் கடித்துப் பழகிய நம் ஆட்களுக்கு அந்தக் கெட்டித்தன்மை பிடித்துப்போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று. ஐரோப்பியப் பேரிக்காயை மரத்திலேயே கனிய விட்டால் உள்ளிருந்து குழைந்து, விதைப்பகுதி பழுப்பேறிவிடும். அதனால் காயாகவே பறித்து, குளிரில் வைத்து, பிறகு கனிய வைக்க வேண்டும். காம்புக்குப் பக்கத்துக் கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக நெகிழ்ந்தால் அன்றே தின்றுவிட வேண்டும். வயிற்றுப் பக்கம் நெகிழும்வரை காத்திருந்தால் உள்ளே கெட்டிருக்கும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, வாங்குபவர்களுக்குத் தெரிவதும் இல்லை. கல் மாதிரி ஒன்றை வாங்கி ஏமாந்தவர் அடுத்த முறை ஆப்பிள் பக்கம் போய்விடுகிறார். ஐரோப்பாவில் பேரிக்காய் தின்பவர்களில் வயதானவர்கள் அதிகம், இளையவர்கள் குறைவு என்று வணிகர்கள் புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மரத்தின் குணம்

இங்கேதான் கான்ஃபரன்ஸ் வெகுதூரம் முந்திப் போகிறது. பேரி மரம் ஆப்பிளுக்கு முன்னால் பூத்துவிடும். பூத்த நேரத்தில் உறைபனி இறங்கினால் சூலகம் கருகிக் காய் பிடிக்காது. ஆனால் கான்ஃபரன்ஸுக்கு, கருவுறாமலேயே காய் பிடிக்கும் இயல்பு மிக அதிகம். உறைபனி விழுந்த மறுநாளே ஜிப்பரெல்லின் ஊக்கியைத் தெளித்தால், விதையே இல்லாத காய்கள் நின்று வளரும். அப்படி வளர்ந்ததைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வெற்று அறைகள்தான் இருக்கும்; உருவமும் குண்டாக இல்லாமல் நீண்டு ஒல்லியாக இருக்கும். அழகு கொஞ்சம் குறையும், எடை நிற்கும். விவசாயிக்கு அந்த ஆண்டின் கடன் அடையும்.

2017 ஏப்ரலில் பெல்ஜியத்தில் கடும் உறைபனி. அந்த ஆண்டு ஆப்பிள் விளைச்சலில் பாதிக்கு மேல் போய்விட்டது. பேரிக்காய் குறைந்தது, ஆனால் அந்த அளவுக்குக் கீழே போகவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில், ஒரே இரவின் குளிரில் நடந்த இந்த வித்தியாசத்தைப் பார்த்தவர்கள், ஆப்பிளை வெட்டிவிட்டுப் பேரியை நட்டதில் வியப்பில்லை. நெதர்லாந்தில் பேரி பயிராகும் பரப்பு ஆப்பிளைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அபாத்தே இந்த விஷயத்தில் கைகொடுக்காது. இயல்பாகவே காய்ப்பிடிப்புக் குறைந்த ரகம். மகரந்தம் தர வேறு ரக மரங்கள் பக்கத்தில் வேண்டும். ஊக்கி தெளிப்பது இங்கும் உண்டு, ஆனால் கான்ஃபரன்ஸில் கிடைக்கும் பலன் கிடைப்பதில்லை. நெதர்லாந்தில் கான்ஃபரன்ஸ் ஹெக்டேருக்கு 35 முதல் 40 டன் தருகிறது. நன்றாகப் பராமரித்த தோட்டங்கள் அதற்கும் மேலே போகின்றன. அபாத்தேயில் 20, 25 டன் வந்தாலே வழக்கமான விளைச்சல் என்று கொள்வார்கள். கிலோவுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் டன் இவ்வளவு குறையும்போது விலை அதற்கு ஈடாக ஏற வேண்டுமே, அது ஆவதில்லை.

வேர்ச்செடியிலும் கான்ஃபரன்ஸுக்கே அனுகூலம். ஐரோப்பாவில் பேரியைக் குவின்ஸ் என்ற வேறொரு பழமரத்தின் வேரில் ஒட்டுக்கட்டுகிறார்கள். மரம் குட்டையாக நிற்கும், சீக்கிரம் காய்க்கத் தொடங்கும், ஏணி இல்லாமல் பறிக்கலாம். கான்ஃபரன்ஸ் குவின்ஸோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும். வில்லியம்ஸ் போன்ற ரகங்களுக்கு நடுவில் இன்னொரு ரகத்தின் துண்டை வைத்துக் கட்ட வேண்டியிருக்கும். குவின்ஸுக்குச் சுண்ணாம்பு மண் ஆகாது; போ சமவெளியில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் இலை வெளுத்துப் போகும் தொல்லை அங்கே எப்போதும் உண்டு.

எமிலியாவின் இரண்டு எதிரிகள்

இத்தாலி ஒரு காலத்தில் ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் பேரிக்காய் விளைவித்த நாடு. 2021இலும் 2023இலும் அது 2 லட்சம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. ஏப்ரல் உறைபனி ஒரு காரணம். 2023 மே மாதம் ரொமாஞாவில் வந்த பெருவெள்ளம் தோட்டங்களைச் சேற்றில் நிறுத்தியது இன்னொன்று. ஆனால் வெள்ளமும் பனியும் வந்து போகும். போகாமல் தங்கிவிட்டவை இரண்டு.

ஒன்று, ஸ்டெம்ஃபீலியம் என்ற பூஞ்சை உண்டாக்கும் பழுப்புப் புள்ளி நோய். 1970களிலிருந்தே எமிலியாவில் தெரிந்த நோய்தான். காயின் அடிப்பக்கம் சிறிய பழுப்பு வட்டம் தோன்றும், ஓரத்தில் சிவப்பு வளையம் இருக்கும், பிறகு அழுகல் உள்ளே இறங்கும். இந்தப் பூஞ்சை ஒரு நச்சுப்பொருளைச் சுரக்கிறது. அந்த நச்சு சில ரகங்களின் செல்களை மட்டுமே கொல்லும். அபாத்தே அதில் மாட்டிக்கொண்ட ரகம். வில்லியம்ஸ் பக்கத்து வரிசையில் நின்றாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒரே மருந்துக் கணக்கில் இரண்டையும் வளர்க்க முடியாது என்று அர்த்தம். அபாத்தே தோட்டத்தில் ஒரு பருவத்தில் 15 முதல் 25 முறை பூஞ்சைக்கொல்லி அடிக்கிறார்கள், அப்படியும் சில ஆண்டுகளில் நோயைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. பூஞ்சை தரையிலுள்ள காய்ந்த புல்லிலும் சருகிலும் உயிரோடு கிடப்பதால், இப்போது மரத்தைவிடத் தரையைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்: புல்லை அகற்றுவது, சருகை வாரி எடுப்பது, ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தரையில் விடுவது. இதற்கான கூலி எவ்வளவு என்று யோசித்தால் அபாத்தேயின் விலை ஏன் கட்டுப்படியாகவில்லை என்பது புரியும்.

இரண்டாவது, கிழக்காசியாவிலிருந்து வந்த பழுப்பு நாற்றப்பூச்சி. இத்தாலியில் முதலில் கண்டது 2012இல், மொதேனாவில். அதாவது பேரித் தோட்டங்களின் நடுமையத்திலேயே. காயில் ஊசி போலக் குத்தி உறிஞ்சும். குத்திய இடம் உள்ளே கெட்டியாகி, வெளியே குழி விழுந்து காய் கோணிப்போகும். 2019இல் இதனால் ஏற்பட்ட சேதம் மிகப் பெரிது. தோட்டத்தை வலை போட்டு மூடுவது ஒரு வழி; அதன் செலவைச் சின்ன விவசாயி தாங்க மாட்டார். 2020 முதல், பூச்சியின் முட்டைக்குள் முட்டையிட்டு அழிக்கும் சாமுராய் குளவியை அரசே வளர்த்து விடுகிறது. அது பரவிப் பலன் தரக் காலம் பிடிக்கும். அதற்குள் எமிலியாவில் பேரி மரங்களைப் பிடுங்கிய பரப்பு கொஞ்சநஞ்சமில்லை.

கிடங்கில் யார் நிற்பது?

செப்டம்பரில் பறித்த கான்ஃபரன்ஸ், சுழியத்துக்குச் சற்றுக் கீழான குளிரில், உயிர்வளி குறைத்த கிடங்கில், அடுத்த ஜூன் மாதம்வரைகூட நிற்கும். ஒரே நிபந்தனை, கரியமிலவாயு சேரவிடக் கூடாது. சேர்ந்தால் உள்ளே பழுப்பேறிப் பொத்தலாகும். அதனால் பறித்த சில வாரங்களுக்கு வெறும் குளிரில் வைத்திருந்து, பிறகுதான் காற்றை மாற்றுவார்கள். அபாத்தேயும் நல்ல கிடங்கில் வசந்தம்வரை நிற்கும், ஆனால் தோல் கருகும் கோளாறு அதிகம். முன்பு அதைத் தடுக்க எத்தாக்சிகுவின் என்ற மருந்தில் முக்குவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதை விலக்கிய பிறகு, கனிவதைத் தடுக்கும் வாயுவையும், காயின் மூச்சை அளந்து உயிர்வளியைச் சரிசெய்யும் விலையுயர்ந்த கிடங்குகளையும் நம்ப வேண்டியதாயிற்று. அந்த வாயு கொஞ்சம் கூடிப்போனால் காய் கடைசிவரை கனியவே கனியாது.

சந்தை காட்டிய முகம்

கான்ஃபரன்ஸுக்கும் ஓர் அடி விழுந்தது. 2014 ஆகஸ்டில், அறுவடைக்குச் சில வாரங்களே இருந்தபோது, ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்துப் பழங்களுக்குத் தடை போட்டது. பெல்ஜியப் பேரிக்காய்க்கு ரஷ்யாதான் மிகப் பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர். ஒரே நாளில் அந்தக் கதவு மூடியது. விலை படுத்தது, விற்க முடியாத பழத்துக்கு ஒன்றியம் இழப்பீடு தந்தது. அதன்பின் பெல்ஜிய வணிகர்கள் இந்தியா போன்ற தூர நாடுகளில் அலைந்து புதிய சந்தைகளைப் பிடித்தார்கள். அப்படித் தூரப் பயணம் போக முடிந்ததும் கான்ஃபரன்ஸின் தடித்த தோலாலும் கிடங்கு ஆயுளாலும்தான். இந்தியா 2017இல் பூச்சிக் காரணம் காட்டிச் சீனப் பேரிக்காயை நிறுத்தியதும் இங்கே இடம் காலியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் பேக்கம்ஸ் ரகத்தோடு ஐரோப்பியக் காயும் அந்த இடத்துக்குப் போட்டியிடுகிறது.

எதை நடுவது?

ஹாஸ்பெங்கௌவில் நிலம் வைத்திருப்பவருக்கு என் பதில் கான்ஃபரன்ஸ்தான், ஆனால் பத்தில் ஒன்பது பங்கு கூடாது. எமிலியாவை முடக்கிய அதே ஸ்டெம்ஃபீலியம் கான்ஃபரன்ஸையும் தாக்கும். கோடை சூடேற ஏற அது வடக்கே நகர்ந்து நெதர்லாந்துத் தோட்டங்களில் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டது. ஒரே ரகம் நிறைந்த வட்டாரத்தில் அது வேகம் பிடித்தால் ரஷ்யத் தடையைவிடப் பெரிய அடியாக இருக்கும். பெல்ஜியத்துக்காரர்கள் இதைப் பற்றி இன்னும் சத்தமாகப் பேச வேண்டும். மாற்றாக ஸீனியா, மிகோ, சிவப்புத் தோலுள்ள ஸ்வீட் சென்சேஷன் ஆகியவற்றைச் சிறு அளவில் நடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் அக்ரோஸ்கோப் ஆய்வகம் தந்த ஃப்ரெட் ரகத்தை, நொறுங்கும் பருவத்திலும் கரையும் பருவத்திலும் தின்னலாம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

எமிலியாவில் கணக்கு வேறு. வலை, பனி தடுக்கும் தெளிப்பான், தரைப் பராமரிப்பு மூன்றுக்கும் பணம் இருப்பவர் அபாத்தேயை விடக் கூடாது. அந்தச் சுவைக்கு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வசதி இல்லாதவர் வில்லியம்ஸுக்கு மாறுவதே புத்திசாலித்தனம். பழுப்புப் புள்ளி அதை அவ்வளவாகத் தொடாது, நேரடி விற்பனை போக மிச்சத்தைச் சாறுக்கும் டப்பா பழத்துக்கும் ஆலைகள் எடுத்துக்கொள்ளும். விலை குறைவுதான், ஆனால் மருந்துத் தெளிப்பில் நிறைய மிச்சமாகும், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை டிராக்டர் தோட்டத்துக்குள் இறங்கும் நாட்களும் குறையும்.