பனியை உணரும் பின்விளக்கு என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அடிக்கடி கார் ஓட்டுபவர்கள் இதைப் படித்துவிட்டு அக்சசரீஸ் கடைக்குப் போங்கள். பனியும் மழையும் வந்தால் தானாகவே பிரகாசம் கூட்டும் பின்விளக்கு என்று ஒரு கிட் விற்கிறார்கள். கோவையில் ஒரு கடையில் மாட்டும் கூலியோடு 7,500 ரூபாய் வாங்கினார்கள். சென்சார் பனியைக் கண்டுபிடிக்கும், ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது என்றெல்லாம் கடைக்காரர் அளந்தார்.

குன்னூர் மலைப்பாதையில் பட்டப்பகலில் நல்ல பனிமூட்டம். ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்டினேன். டீக்கடையில் நிறுத்தியதும் பின்காரில் வந்த நண்பன், "டேய், உன் பின்லைட் எரியுதான்னே தெரியலைடா" என்றான். இரவு திரும்பும்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் பனியே இல்லை, பின்னால் வந்த அவனுக்கோ விளக்கு கண் கூசியதாம். நான் எப்போது பிரேக் பிடிக்கிறேன் என்றே தெரியவில்லையாம்.

தெரிந்த எலெக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்தார். பனி சென்சார் என்று எதுவும் இல்லை. இருட்டினால் எரியும் தெருவிளக்கில் இருப்பதுபோல் ஒரு சாதாரண எல்டிஆர், பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். அதற்கு வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும். பகல் பனி நாலாபக்கமும் வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளை வெளேரென்று இருக்கும். நல்ல வெயில் என்று நினைத்து அது விளக்கைக் குறைத்துவிடுகிறது. தேவைப்படும் நேரத்துக்கு நேர் எதிராக வேலை செய்கிற சாமான்!

இரவில் கூட்டியதும் ஆபத்துதான். பழைய இரட்டை இழை பல்பில் பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பின்னால் வருபவர் சுதாரிக்கிறார். இரண்டும் ஒரே அளவில் எரிந்தால் அவர் எதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார்?

நிலைமைக்கு ஏற்பப் பிரகாசம் மாறும் பின்விளக்கை ஐரோப்பிய விதிகள் அனுமதிப்பது உண்மைதான். ஆனால் அது காரோடு சேர்த்து வடிவமைத்துச் சோதிக்கப்படுவது, ஒயரை வெட்டி நடுவில் செருகும் பெட்டி அல்ல. பனிக்கென்றே ரியர் ஃபாக் லேம்ப் என்று தனிச் சிவப்பு விளக்கு இருக்கிறது. பிரேக் விளக்கோடு குழம்பக் கூடாதென்று குறைந்தது 10 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்பது அந்த விதி. உங்கள் காரிலேயே அதற்கு ஸ்விட்ச் இருக்கலாம், முதலில் அதைத் தேடுங்கள். (பனி விலகியதும் அணைத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.)

அங்கீகாரம் என்றால் வட்டத்துக்குள் E எழுத்தும் நாட்டு எண்ணும், ஜெர்மனிக்கு 1, நெதர்லாந்துக்கு 4 என்று, கூடவே ஒப்புதல் எண்ணும் இருக்கும். விளக்கின் மேலேயே பொறித்திருப்பார்கள். எனக்குக் கிடைத்ததில் அட்டைப்பெட்டியில் வெறும் E ஸ்டிக்கர்.

கடைக்காரரிடம் கேட்டதற்கு முதலில் "சென்சார் செட் ஆக டைம் எடுக்கும் சார்" என்றார். அப்புறம் வேறு பீஸ் தருகிறேன், லேபர் தனி என்றார். டிக்கிக்குள் ஒயரை வெட்டியதால் சர்வீஸ் சென்டரில் ஒயரிங்குக்கு வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். பில் என்று கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு. நல்லவேளை, யுபிஐயில் பணம் கட்டிய பதிவும், பனியை உணரும் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன. அவற்றை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். முழுப் பணமும் ஒயரிங் செலவும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.