புயலுக்கு நங்கூரச் சங்கிலியைச் சோதிக்க: அலைத்தொட்டியா, கணினியா?

மிதக்கும் காற்றாலையின் சங்கிலி 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயலைத் தாங்குமா? சிங்கப்பூரில் இரண்டு வழியும் கைக்கெட்டும் தூரத்தில்தான்: என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) பக்கம் உள்ள டிகாம்ஸ் என்ற கடல்சார் ஆய்வு மையத்தின் அலைத்தொட்டி (60 மீட்டர் நீளம், 48 அகலம், 12 ஆழம்) அல்லது மேசைக் கணினியிலேயே ஓப்பன்ஃபாஸ்ட் என்ற காற்றாலை உருவகப்படுத்தும் மென்பொருள்.

நேரம்
தொட்டி: 1:50 அளவு (50 மடங்கு சிறிய) மாதிரியில் 3 மணி நேரப் புயல் சுமார் 25 நிமிடத்தில் முடியும். அடுத்த ஓட்டத்துக்கு முன் தண்ணீர் அடங்க வேண்டும். மாதிரி செய்யவே மாதங்கள் போகும்.
கணினி: ஒரே இரவில் பல ஓட்டங்கள்.

ஆழம்
தொட்டி: 200 மீட்டர் கடலுக்கு 4 மீட்டர் போதும். 1,000 மீட்டர் என்றால் 20 வேண்டும். சங்கிலியைக் குறுக்கி, ஸ்பிரிங் வைத்து விறைப்பைச் சரிக்கட்டுவார்கள். அப்போது சங்கிலியின் அசைவு அசல் அல்ல.
கணினி: எந்த ஆழமும் சரி.

இழுவிசை
இதில்தான் தலைவலி. தொட்டியில் விசை 1,25,000 (50×50×50) மடங்கு சிறுக்கிறது. லோட் செல்லில் (விசை அளக்கும் கருவி) 1 நியூட்டன் பிசகினால் நிஜத்தில் சுமார் 12.7 டன். தொங்கும் அளவீட்டு வயர்களே மிதவையைப் பிடித்து இழுக்கும். தளர்ந்த சங்கிலி வெடுக்கென இறுகும் உச்சத்தை, பதிவு வேகம் குறைந்தால் தவறவிடுவோம்.
கணினியில் வேறு கோளாறு: மிதவை மெதுவாக விலகித் திரும்பும் அசைவைக் குறைத்துக் காட்டும். கணினிக் கணிப்பைத் தொட்டி அளவீட்டோடு ஒப்பிட்ட ஓசி5 என்ற சர்வதேசத் திட்டத்திலும் உச்சச் சுமைகள் அளந்ததைவிடக் குறைவாகவே வந்தன.

தொட்டியில் காற்றும் தொல்லை. சிறிய இறக்கைக்கு உந்துவிசை குறைவதால் அகல இறக்கை மாட்டுவார்கள்.

சங்கிலித் தடிமன், கோணம் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் கணினி போதும். மிதவை வடிவம் புதிது என்றால் தொட்டிக்குப் போங்கள். முதலில் அலையில்லாமல் மிதவையைத் தள்ளிவிட்டு ஆடவிட்டு, கிடைக்கும் தணிப்பைக் (ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதை) கணினியில் ஏற்றுங்கள்.